மாத்திரையையும் கேள்வி கேட்க வேண்டும்

காய்ச்சலோடு தொண்டை புண்ணாகி வாயெல்லாம் வெந்துபோனால், நம் ஜனங்களில் ஒரு சாரார் உடம்புச் சூடு என்றும் அம்மன் கோபம் என்றும் சொல்லிக் காத்திருக்கிறார்கள். படித்தவர்களோ கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஏன் வந்தது என்று கேட்பவர் இரு பக்கத்திலும் இல்லை.

இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டும். அவற்றில் பெரும் பகுதி நியூட்ரோபில் என்பவை. கிருமிகளை விழுங்கி அழிப்பது இவற்றின் வேலை. இவை 500க்குக் கீழே இறங்கிவிட்டால், நம் வாயிலும் குடலிலும் தினமும் குடியிருக்கும் கிருமிகளே ஆளைக் கொன்றுவிடக்கூடும். புண்ணில் சீழ் இல்லையே என்று சந்தோஷப்படவும் இடமில்லை. சீழ் என்பதே பெரும்பாலும் போராடிச் செத்த இந்த அணுக்கள்தான். சாவதற்கு அணு இருந்தாலல்லவா சீழ் வரும்!

1922ல் பெர்லின் நகரத்து வெர்னர் ஷுல்ட்ஸ் என்னும் மருத்துவர் இந்நோயைத் தனியாக எடுத்துக் காட்டினார். நோய்க்குக் காரணம் என்னவென்று பல வருஷம் தெரியவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஏழை எளியவர்களை விட, வைத்திய வசதியுள்ளவர்களையும், டாக்டர், நர்சு முதலானவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையுமே இது அதிகம் பிடித்ததாகத் தெரிந்தது. எந்தத் தெய்வம் டாக்டர் வீடாகப் பார்த்துக் கோபித்தது? கடைசியில் பார்த்தால் குற்றவாளி அவர்கள் அலமாரியிலேயே இருந்தது. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் 1890களிலிருந்து ஜெர்மனியில் விற்றுவந்த அமிடோபைரின் என்ற மருந்துதான் அது.

அமெரிக்காவில் மாடிசன், ஸ்குயர் என்ற இருவர் 1934ல் இதை வெளியிட்டார்கள். நோய் தீர்ந்தவர்களுக்கு அம்மருந்தை மறுபடி கொடுத்துப் பார்த்ததில் வெள்ளணுக்கள் மறுபடி சரிந்தன. இக்காலத்தில் இப்படிப்பட்ட பரீட்சையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அது நியாயந்தான். ஆனாலும் தங்கள் கையால் கொடுத்த மருந்தின் மேலேயே சந்தேகப்பட்டார்களே, அந்த யோக்கியதையை நாம் மதிக்கிறோம். சாஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் எப்போதாவது இப்படித் தங்கள் சரக்கைச் சோதித்ததுண்டா?

நிற்க, இது பழங்கதையல்ல. தைராய்டு மிகுதிக்குக் கொடுக்கும் கார்பிமசோல், மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின் ஆகியவையும் ஆயிரத்தில் சிலருக்கு இதே கேட்டைச் செய்கின்றன. 1975ல் பின்லாந்தில் குளோசபின் சாப்பிட்டவர்களில் 8 பேர் இதனால் மாண்டார்கள். பல தேசங்களில் அம்மருந்து நிறுத்தப்பட்டது. பிறகு 1989ல் அமெரிக்கா, வாரந்தோறும் இரத்தத்தை எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதை அனுமதித்தது. வேறு மருந்தால் குணமாகாதவர்கள் பலர் அதனால் தேறினார்கள். ஆகவே மருந்தே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. எண்ணாமல் விழுங்கக் கூடாதென்கிறோம்.

தோழர்களே! இம்மருந்துகளைச் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலோ தொண்டைப் புண்ணோ வந்தால், இராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, “வெள்ளணுவை எண்ணிப் பாருங்கள்” என்று கேட்க வேண்டும். “உனக்கென்ன தெரியும்?” என்று அதட்டுகிற டாக்டரும் இருப்பார். இருக்கட்டும், மறுபடியும் கேளுங்கள். காரணமான மருந்தை உடனே நிறுத்திக் கிருமிக்கு மருந்து கொடுத்தால், பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் எலும்பு மஜ்ஜை திரும்ப அணுக்களை உண்டாக்கிவிடுகிறது. வேப்பிலைக்கும் கடை மாத்திரைக்குமாக இரண்டு நாளைப் போக்கினவருக்கு அந்த வாரங்கள் கிடைப்பதில்லை.