மருந்து குறித்த நோயாளிகளின் புகார்களைப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், மனநலச் சிகிச்சை பெறுவோர் மற்றும் குடும்பத்தினர் சங்கம்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பார்வை: 1. மக்கள் குறைதீர்க்கும் நாளில் அளித்த எங்கள் முந்தைய மனுக்கள். 2. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 28.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் சங்கம் முறைப்படி பதிவு பெற்றது. உறுப்பினர்கள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மாத்திரை வாங்குபவர்கள், அல்லது அவர்களைக் கூட்டிவரும் குடும்பத்தினர்.

பொங்கலுக்கு முன் அளித்த மனுவில், மருந்தின் பக்கவிளைவைச் சொன்னால் யாரும் எழுதிக்கொள்வதில்லை என்று தெரிவித்திருந்தோம். 'உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது' என்று பதில் வந்தது. அந்த உரிய அலுவலர் யாரென்றால், எவர்மீது குறை சொன்னோமோ அவரேதான். ஆடி மாதம் கொடுத்த மனுவில் அதையும் குறிப்பிட்டோம். அதுவும் அவரிடமே போய்ச் சேர்ந்தது. 'புகார் எதுவும் நிலுவையில் இல்லை' என்று அவர் எழுதியதன் பேரில் மனு முடித்துவைக்கப்பட்டது. பதிவேடே இல்லாத இடத்தில் நிலுவை எப்படி இருக்கும்?

நடப்பது இதுதான். எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு ஹாலோபெரிடால் தொடங்கிய சில நாட்களில் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. இரவெல்லாம் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். இதற்கு அகதிசியா என்று பெயர். இவ்வகை மருந்துகளின் தெரிந்த பக்கவிளைவு இது. அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, புரொப்ரனலால் சேர்ப்பது எல்லாம் வழக்கமான தீர்வுகள். ஆனால் அந்தப் பதற்றம் பார்ப்பவருக்கு நோய் முற்றியதுபோலத் தெரியும். அவருடைய தாயார் புறநோயாளிப் பிரிவில் போய்ச் சொன்னார். நோட்டில் 'நோயாளி அமைதியின்றி உள்ளார்' என்று எழுதி மாத்திரை கூட்டப்பட்டது. நடை இன்னும் அதிகமாயிற்று. வேறு நோய்க்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது தகவல். எங்கள் ஆட்கள் சொன்னால் அது அறிகுறி. ஆகவே பலர் இப்போது வாய் திறப்பதில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்து, போடாமல் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு நோய் திரும்பும்போது 'ஒழுங்காக மருந்து சாப்பிடவில்லை' என்ற பழியும் அவர்களுக்கே.

எந்த மருந்து எழுத வேண்டும் என்று மருத்துவருக்குப் பாடம் எடுக்க நாங்கள் வரவில்லை. மருந்தே வேண்டாம் என்கிறோம் எனச் சிலர் பேசுவதாகவும் அறிகிறோம். மாத்திரை தீர்ந்தால் முதலில் ஆட்டோ பிடிப்பவர்கள் நாங்கள்தான்.

பிரிவு 28 தெளிவாக இருக்கிறது. பராமரிப்பிலும் சிகிச்சையிலும் குறை இருந்தால், நோயாளியோ அவர் நியமித்த பிரதிநிதியோ முதலில் பொறுப்பு மருத்துவ அலுவலரிடமும், நிறைவில்லையேல் மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அங்கும் நிறைவில்லையேல் மாநில மனநல ஆணையத்திடமும் முறையிடலாம். முதல் படியில் என்ன சொன்னோம் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லாதபோது இரண்டாம் படியில் எதைக் காட்டுவது? இது பொது மருத்துவமனை, சட்டம் மனநலக் காப்பகங்களுக்குத்தான் என்று ஒருமுறை வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. மனநோயாளிகளை உள்நோயாளியாகச் சேர்க்கும் அரசுப் பொது மருத்துவமனையும் அச்சட்டத்தின் விளக்கத்துக்குள் வருகிறது. சிகிச்சையையும் அதன் தெரிந்த பக்கவிளைவுகளையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்பது அதே சட்டத்தின் பிரிவு 22.

எனவே மனநலப் பிரிவில் புகார்ப் பதிவேடு வைத்து, மருந்து குறித்த ஒவ்வொரு புகாருக்கும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். புகாருக்குப் பின் மருந்தின் அளவு கூட்டப்பட்டால், காரணத்தை நோட்டில் எழுத வேண்டும். புகாரை, அதில் குறிப்பிடப்பட்ட மருத்துவரே விசாரிக்கக் கூடாது.

மேலும் கீழ்க்கண்டவற்றையும் கோருகிறோம்:

அ) தொலைவிலிருந்து வருவோருக்கு, நிலை சீராக இருப்பின், ஒரு மாத மாத்திரை வழங்குதல்.

ஆ) பிரிவு 25இன்படி சிகிச்சை ஆவணங்களின் நகல் வழங்குதல்.

இ) காத்திருப்போருக்கு இருக்கையும் குடிநீரும் அமைத்தல்.

இம்மனுவை மீண்டும் அதே மருத்துவமனைக்கு அனுப்பாமல், மறுஆய்வு வாரியத்தின் பார்வைக்கு வைத்து, எழுத்துப்பூர்வமாகப் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்

நகல்: மாநில மனநல ஆணையம், நலப்பணிகள் இணை இயக்குநர்