படித்தவருக்கு மட்டும் ஓட்டா?

படித்தவர்களுக்கு மட்டும் ஓட்டு கொடுத்தால்தான் நாடு உருப்படும் என்று கல்லூரி விடுதிகளிலேயே பேசுகிறார்கள், நம் பிள்ளைகள் உட்பட. வெள்ளையர் காலத்தில் நடந்தது அதுதான். 1935 சட்டப்படி சொத்தோ வரி ரசீதோ படிப்போ உள்ளவருக்கே ஓட்டு. சேரியில் எத்தனை பேரிடம் அவை இருந்திருக்கும்? 1928-இல் சைமன் குழுவிடம் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டார் அம்பேத்கர். அதை அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவு தந்தது.

ஆனால் 2015-இல் ஹரியானா அரசு, ஊராட்சித் தேர்தலில் போட்டியிடப் பள்ளிப் படிப்பும் வீட்டில் கழிப்பறையும் கட்டாயம் என்றது. பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு. தலித் பெண்கள் வார்டு உறுப்பினராக ஐந்தாம் வகுப்பு போதுமாம், சலுகை! உச்ச நீதிமன்றமும் ஏற்றது. அந்தப் பெண்களைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியது யார் என்று சட்டம் கேட்கவில்லை. நாளை இதே தகுதி ஓட்டுக்கும் வந்தால் எந்தத் தெரு முதலில் விடுபடும்? பாட்டியின் கைநாட்டைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் சொல்லட்டும்.