குளிர் மறிக்கவில்லை

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடை வாசலில் சைக்கிளை விளக்குக் கம்பத்தோடு வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். மைனஸ் 12. கடையிலிருந்து வெளியே வந்த ஓர் ஐயா, என் அப்பாவின் வயதுக்காரர், நின்று பார்த்தார்.

"தம்பி, கார் பழுதாப் போச்சே? சாமானை வாங்கிக்கொண்டு வாங்கோ, நான் நிக்கிறன். சைக்கிளைப் பின்னுக்குப் போட்டுக்கொண்டு போவம்."

கார் பழுதில்லை ஐயா என்றேன். அப்படியென்றால் லைசென்ஸ் ஏதும் பிரச்சினையோ என்று தயங்கிக் கேட்டார். அதுவும் இல்லை என்றேன். அவர் முகத்தில் இருந்த கவலை குறையவில்லை, கூடிவிட்டது.

முன்பின் தெரியாத ஒருவனுக்காகக் குளிரில் காத்து நிற்க முன்வந்த அந்த மனசை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கவலை எந்த நம்பிக்கையிலிருந்து வருகிறதோ, அதை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கனடாக் குளிருக்குள் சைக்கிள் ஓடுகிறவனுக்கு ஏதோ கெடுதல் நடந்திருக்க வேண்டும் என்பது அந்த நம்பிக்கை. வேலை போயிருக்கும், கார் போயிருக்கும், இல்லையென்றால் புத்தி போயிருக்கும். நல்ல நிலையில் இருக்கும் ஒருவன், கார்ச் சாவியை மேசையில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுக்கமாட்டான் என்று எல்லாரும் உறுதியாக நம்புகிறார்கள். தமிழர் மட்டுமல்ல, இந்த நகரமே அப்படித்தான் நம்புகிறது. அது பிழை.

குளிரிலிருந்து தொடங்குகிறேன், எல்லாரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். மைனஸ் 15 நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் உழக்கினால், காற்றுப் படுகிற தோலுக்கு அது மைனஸ் 24 போல உறைக்கும். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் காற்றுப் பிடிப்பது விரலையும் காதையும் முகத்தையும்தான். நெஞ்சும் முதுகும் தொடையும் ஐந்தாவது நிமிடத்தில் சூடாகிவிடும், ஏனென்றால் அவை வேலை செய்கின்றன. பஸ் தரிப்பில் கால் மணி நேரம் அசையாமல் நின்று பாருங்கள். பெருவிரலில் தொடங்கும் குளிர் எலும்பு வழியே ஏறி இடுப்புக்கு வரும். இரண்டையும் பல குளிர்காலம் அனுபவித்தவன் சொல்கிறேன்: பஸ்ஸுக்குக் காத்து நிற்பதே கொடுமை. அந்தத் தரிப்பில் ஆயிரக்கணக்கான எங்கள் அம்மாமார் தினமும் நிற்கிறார்கள். குளிருக்குள் பஸ்ஸுக்கு நிற்க ஏலாது என்று யாரும் சொல்வதில்லை.

உடுப்பிலும் பெரிய வித்தை இல்லை. வீட்டு வாசலில் நிற்கும்போது சற்றுக் குளிர வேண்டும், அவ்வளவுதான். வாசலிலேயே இதமாக இருந்தால் இரண்டாவது கிலோமீட்டரில் வேர்க்கும். வேர்த்த உடுப்பு சிவப்பு விளக்கில் நிற்கும்போது முதுகில் ஐஸாக ஒட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு போய் வேர்த்து நனைந்து, குளிர் தாங்கவில்லை என்று சைக்கிளை பேஸ்மென்டில் இறக்கிவிடுகிறார்கள். மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்று, காற்று மறிக்கும் ஜாக்கெட் ஒன்று, விரல் பிரியாத கையுறை, ஹெல்மெட்டுக்குள் காதை மூடும் மெல்லிய தொப்பி. நாலரைக் கிலோமீட்டர் வேலைக்குப் போக எனக்கு இது போதும்.

சறுக்கும் என்பது அடுத்த வாதம். அதில் பாதி உண்மை, ஆனால் எந்தப் பாதி என்று தெரிந்திருக்க வேண்டும். கடுங்குளிரில் நெரிந்து இறுகிய பனி ரயருக்கு நல்ல பிடி கொடுக்கும். பயப்பட வேண்டியது பூச்சியத்தை ஒட்டிய நாட்களுக்கு. பகலில் உருகி ஓடிய தண்ணீர் இரவில் உறைந்து, தார் றோட்டோடு நிறம் பிரியாமல் கிடக்கும். அதற்குத்தான் ஆணி ரயர் இருக்கிறது. டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த சின்ன ஆணிகள் நூறு, இருநூறு பதித்த ரயர்; கண்ணாடி போன்ற ஐஸையும் கடித்துக்கொண்டு போகும். வெறும் தாரில் இரைச்சல் போடும், கொஞ்சம் பாரமாகவும் இழுக்கும். உறைமழை பெய்யும் நாளில் நான் சைக்கிளை எடுப்பதில்லை. அன்று காரை எடுக்கிறவரையும் போகவேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு குளிர்காலத்தில் அப்படியான நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்தச் சில நாட்களைக் காட்டி நாலு மாதத்தையும் கழித்துவிடுவது என்ன கணக்கு?

உண்மையான தொல்லை சைக்கிளுக்குத்தான். றோட்டுக்குப் போடும் உப்பு செயினைத் தின்றுவிடும். கிழமைக்கொருக்கால் துடைத்து எண்ணெய் விட வேண்டும். மைனஸ் 20க்குக் கீழே போனால் பிறீவீலுக்குள் இருக்கும் கிறீஸ் இறுகி, பெடல் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றும். பூட்டுக்குள் ஈரம் போனால் உறைந்துவிடும். இவ்வளவுதான். காரின் கண்ணாடியில் ஐஸ் சுரண்டி, டிரைவேயில் மண்வெட்டியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி, இஞ்சின் சூடேறும் முன்னமே கடைக்குப் போய்ச் சேர்கிறவர்கள் இதைத் தொல்லை என்று சொல்லக்கூடாது.

இப்போது வடக்கே பார்ப்போம். பின்லாந்தில் ஊலு என்றொரு நகரம், 65 பாகை வட அகலாங்கில். ரொறன்ரோவைவிடத் தையில் சராசரியாக நாலைந்து பாகை கூடக் குளிர். மார்கழியின் மிகக் குறுகிய நாட்களில் பகல் வெளிச்சம் நாலு மணி நேரம்கூட இராது. அங்கே 900 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை இருக்கிறது. பெருந்தெருக்களைக் கடக்க 300 அளவில் சுரங்கப் பாதைகள். மைனஸ் 17 நாளொன்றில் மெட்சொகங்காஸ் என்ற பள்ளிக்கூடத்தின் 1200 பிள்ளைகளில் ஏறத்தாழ ஆயிரம் பேர் சைக்கிளில் வந்திருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் பனிக்குள் வரிசை வரிசையாக நிற்கும் அந்தச் சைக்கிள்களின் படத்தை உலகமெல்லாம் பார்த்தார்கள். குளிர்காலச் சைக்கிளோட்டத்துக்கென்றே கூட்டிய முதலாவது சர்வதேச மாநாடு 2013இல் நடந்ததும் அந்த ஊரில்தான். அந்தப் பிள்ளைகள் தனித் தோலோடு பிறந்தவர்கள் இல்லை. ஊலுவில் பெரியவர்கள் வேலைக்குப் போகும் முன்பே, பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்பே, சைக்கிள் பாதையின் பனி வழிக்கப்பட்டுவிடும். முழுக்க வழிப்பதும் இல்லை. பற்கள் வைத்த தகட்டால் கோடு கோடாகக் கீறி, இறுகிய பனியையே ஓடுதளமாக விட்டுவிடுகிறார்கள். குளிர் அங்கேயும் குளிர்தான், வழித்த பாதை இருக்கிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. ரொறன்ரோவில் விழுவதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பனி விழும் மொன்றியலில், பிக்ஸி வாடகைச் சைக்கிள்கள் 2023 முதல் குளிர்காலத்திலும் ஓடுகின்றன.

எங்கள் நகரத்தில் நடந்தது வேறு. ஸ்காபரோவில் பேர்ச்மவுண்ட் வீதியிலும் பார்மசி அவனியூவிலும் சைக்கிள் தடங்கள் இருந்தன. 2011இல் நகரசபை வாக்கெடுத்து அவற்றை எடுத்துவிட்டது. 2024 கார்த்திகையில் ஒன்ராறியோ மாகாண அரசு 212ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து, புளோர், யங், யூனிவர்சிட்டி ஆகிய மூன்று வீதிகளின் தடங்களையும் அகற்றத் துணிந்தது. 2025 ஆடி 30ஆம் தேதி மேல் நீதிமன்றம், அவற்றை அகற்றுவது உரிமைகள் சாசனத்தின் 7ஆம் பிரிவை, அதாவது உயிருக்கும் உடலுக்குமான பாதுகாப்பை, மீறுகிறது என்று தீர்ப்புச் சொன்னது. அரசு மேன்முறையீட்டுக்குப் போனது. இந்தச் சண்டை எப்போது எழுந்தாலும், தடங்களை எதிர்க்கிறவர்கள் நீட்டும் வாதம் ஒன்றுண்டு: வருடத்தில் ஐந்து மாதம் யாரும் ஓடாத தடம் எதற்கு?

அந்த ஐந்து மாதமும் தடத்தின் கோலம் என்ன என்று கேளுங்கள். கார்த் தடத்தை வழிக்கும் வண்டி, அந்தப் பனியைச் சைக்கிள் தடத்தில்தான் தள்ளிக் குவிக்கிறது. இரவில் அது கல்லாகிறது. மறுநாள் அந்தக் குவியலைச் சுற்றி, கார்களுக்கு நடுவே நான் இறங்கி ஓட வேண்டும். இறங்கப் பயப்படுகிறவர் வீட்டில் நிற்பார். பிறகு ஆளில்லாத தடத்தைப் படம் பிடித்து, பாருங்கள் ஒருவரும் ஓடுவதில்லை என்கிறார்கள். கிணற்றைத் தூர்த்துவிட்டு, யாரும் தண்ணீர் அள்ள வருவதில்லை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு ஆத்திரம் தருவது. யாரும் ஓடுவதில்லை என்ற பேச்சு நடக்கும் அதே வீடுகளின் வாசலுக்கு, பனி கொட்டும் இரவில் சாப்பாட்டுப் பையோடு மின்சைக்கிளில் வருகிறவன் யார்? பஞ்சாபிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகள். அவர்கள் ஆட்கள் இல்லையா? அவர்களுடைய சைக்கிள் கணக்கில் வராதா?

எங்கள் சனம் இந்த நம்பிக்கையைச் சுமப்பதுதான் எனக்குப் பெரிய நோவு. யாழ்ப்பாணத்தைத் தொண்ணூறுகளில் தாங்கியது சைக்கிள். பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. விறகு, வெங்காயம், மண்ணெண்ணெய், நோயாளி, எல்லாம் கரியரில் போயின. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவை உயிர்ப்பித்துச் செய்தி கேட்டோம். 1995 ஐப்பசி 30 இரவு, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே போரினால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது மழை கொட்டியது; வீட்டில் எடுக்கக்கூடியதெல்லாம் சைக்கிளில் தொங்கியது. அந்த நினைவினால்தான் சைக்கிள் பலருக்குக் கஷ்ட காலத்தின் சின்னமாகிவிட்டது என்று எனக்கு விளங்குகிறது. பட்டது போதும் என்று நினைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மாரி மழைக்குள் வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் உழக்கியவர்கள், கனடாவுக்கு வந்து, ஏலாது என்று சொல்லக்கூடாது.

அன்று கடை வாசலில் அந்த ஐயா உடனே போய்விடவில்லை. குனிந்து என் முன்சில்லைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். "காத்துக் காணாது தம்பி." பனிக்காக வேண்டுமென்றே குறைத்து விட்டிருக்கிறேன், ரயர் பரந்து பிடிக்கும் என்றேன். உடனே நிமிர்ந்தார். "ஓமோம், மணற்காட்டுப் பக்கம் மணலுக்கை போகேக்கை நாங்களும் உப்பிடித்தான் இறக்கி விடுறனாங்கள்."

அன்று வாங்கியது நாலு லீற்றர் பால், பத்துக் கிலோ அரிசி, மீன், கறிவேப்பிலை. அரிசியும் பாலும் பின்சில்லின் இரு பக்கப் பைகளிலும். பின்னால் பாரம் இருந்தால் பனியில் சில்லு இன்னும் நன்றாகப் பிடிக்கும். மீனுக்கு ஐஸ் தேவையில்லை. கறிவேப்பிலைதான் குளிர்பட்டால் கறுத்துவிடும். துவாயில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வேன். இரண்டரைக் கிலோமீட்டர், பன்னிரண்டு நிமிடம்.

எங்கள் வட்டார நகரசபை உறுப்பினருக்கு மூன்று குளிர்காலமாக எழுதி வருகிறேன்: பேர்ச்மவுண்டில் எடுத்த தடத்தைத் திரும்பப் போடுங்கள், பனி விழுந்த நாளில் காலை ஏழு மணிக்கு முன் அதை வழியுங்கள். இதை வாசிக்கிறவர்களும் எழுத வேண்டும், ஓடுகிறவர்கள் மட்டுமல்ல. எங்கள் கடை முதலாளிமாரிடமும் ஒன்று கேட்கிறேன். நூறு கார் நிற்கும் வளவில் சைக்கிள் பூட்ட ஒரு கம்பி இல்லாமல்தான் நான் விளக்குக் கம்பத்தைத் தேட வேண்டியிருக்கிறது. வாசலுக்குப் பக்கத்தில், கூரைக்குக் கீழே, ஒரு கார் நிற்கும் இடம் தாருங்கள். பத்துச் சைக்கிள் நிற்கும்.