கொல்லைப்புறத்தை அழகாக்கும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

1/ வீட்டுக்குப் பின்னாடி சிட்-அவுட் கட்டுறதுதான் இப்போ ஃபேஷன். பழைய சிமெண்ட் தரைக்கு மேல ஒரு மேடை எழுப்பி, பளபளன்னு டைல்ஸ் ஒட்டி, பெர்கோலா, நாலு தொட்டிச் செடி, ஒரு ஊஞ்சல். யூடியூப்ல பார்க்கிற அமெரிக்க 'டெக்' நம்ம ஊருக்கு இப்படித்தான் வந்து சேருது. ஆசை நியாயமானதுதான். ஆனா அரசு மருத்துவமனை டாக்டரா எனக்கு இதுல ஒரு கருத்து இருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுத்துக்கோங்க.

2/ அந்த இடத்துக்கு நீங்க செலவழிக்கிற முதல் ரூபாய், வழுக்காத தரைக்கும் கைப்பிடிக்கும் போகணும். மிச்சம் இருந்தா ஊஞ்சல், பெர்கோலா. நம்ம வீடுகள்ல இது தலைகீழா நடக்குது.

3/ காரணம் எளிது. நீங்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபியோட அங்க உட்காருவீங்க. அம்மா துணி காயப்போட, பாத்திரம் கழுவ, கறிவேப்பிலை பறிக்கன்னு தினமும் பத்து தடவை ஏறி இறங்குவாங்க. பல வீடுகள்ல ராத்திரி கழிப்பறைக்குப் போறதும் அந்த வழிதான். வயசு 65க்கு மேல. முழங்கால் வலி, ஒரு கண்ணுல புரை, பிரஷர் மாத்திரை, கையில ஈரத்துணி வாளி.

4/ கையை ஊன்றி விழுந்தா மணிக்கட்டு உடையும். பக்கவாட்டுல விழுந்தா இடுப்புல தொடை எலும்பின் கழுத்து உடையும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு அடர்த்தி வேகமா குறையுது. அதனால எலும்பு உடைய மாடியிலிருந்து விழணும்னு இல்ல, நின்ற இடத்துல வழுக்கினாலே போதும்.

5/ இடுப்பு முறிவை லேசா எடுத்துக்காதீங்க. கூடிய சீக்கிரம், முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடக்கணும். தாமதமாகி படுத்தே கிடந்தா நிமோனியா, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு. பல நாட்டு ஆய்வுகள்ல, இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார். பிழைச்சவங்கள்லயும் பலர் பழையபடி நடக்கிறதில்ல.

6/ உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஹெல்மெட்டுக்கு அபராதம் உண்டு, பாத்ரூம் வாசலில் வழுக்குற டைல்ஸுக்கு இல்ல.

7/ "வயசானா விழத்தான் செய்வாங்க" என்பார்கள். வயசை மாத்த முடியாது. தரையை மாத்தலாம். அடுத்தது, "கைப்பிடி வச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்". வீட்டுல கைப்பிடி இருந்தா ஆஸ்பத்திரி கைப்பிடியைப் பிடிக்க வேண்டிய அவசியம் குறையும், அவ்வளவுதான்.

8/ சரி, என்ன செய்யலாம்?

தரை: வெளியிடத்துக்கு கிளாசி டைல்ஸ் வேண்டவே வேண்டாம். கடையில பார்க்கிங் டைல்ஸ், மேட் ஃபினிஷ்னு கேளுங்க. வாங்குறதுக்கு முன்னாடி அதுமேல தண்ணியும் கொஞ்சம் சோப்பும் ஊத்தி, செருப்புக் காலால தேய்ச்சுப் பாருங்க. ஷோரூம் வெளிச்சத்துல காய்ஞ்ச டைல்ஸைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

9/ வாட்டம்: பத்தடிக்கு ஒன்றரை இன்ச்சாவது சரிவு இருக்கணும். தண்ணி தேங்குற இடத்துல ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பாசி பிடிக்கும். பாசி பிடிச்சா எந்த டைல்ஸும் வழுக்கும்.

10/ படி: பழைய தரை மேல புதுசா டைல்ஸ் ஒட்டும்போது மேடை இரண்டு இன்ச் ஏறிடும், படிகள் அப்படியே இருக்கும். ஒரு படி மட்டும் உயரமாயிடும். கால் பழகின உயரத்தை எதிர்பார்க்கும், அங்கதான் தடுக்கும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்குச் சொல்லும் உச்ச உயரம் 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை இன்ச். கால் வைக்கிற அகலம் குறைந்தது 250 மில்லிமீட்டர். முதியவர் இருக்கிற வீட்டுல ஆறு இன்ச் உயரமே நல்லது. முக்கியமா, எல்லாப் படியும் ஒரே அளவா இருக்கணும்.

11/ கைப்பிடி: ரெண்டே படியானாலும் வேணும். விரல்கள் முழுசா சுத்திப் பிடிக்கிற மாதிரி ஒன்றரை இன்ச் உருண்டை பைப் போதும், கடைசிப் படி வரைக்கும் வரணும். ஆள் சாய்ந்தாலும் ஆடாத அளவுக்குச் சுவத்துல பிடிப்பு இருக்கணும்.

12/ ஓரம்: நாம காப்பியடிக்கிற அந்த அமெரிக்க டெக்குக்கு அங்க விதி இருக்கு. தரையிலிருந்து 30 இன்ச்சுக்கு மேல உயரம்னா தடுப்பு கட்டாயம். தடுப்பு குறைந்தது 36 இன்ச், கம்பிகளுக்கு நடுவே 4 இன்ச் பந்து நுழையக் கூடாது, குழந்தை தலை மாட்டும். வீடியோவுல நமக்குத் தெரியறது மரத்தோட அழகு மட்டும்தான். விதியையும் சேர்த்து எடுத்துக்குவோம்.

13/ விளக்கு: ஸ்விட்ச் கதவுக்கு உள்பக்கம், வெளியே கால் வைக்கும் முன்னாடி கைக்கு எட்டணும்.

14/ பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை. பின்வாசல் நிலையிலும் சுவத்திலும் கை அழுக்கு படிஞ்ச இடம் இருக்கும். அம்மா தினமும் தாங்கிப் பிடிக்கிற இடம் அது. அங்க பென்சில்ல குறிச்சு வைங்க. கைப்பிடி அங்கதான் வரணும். சந்தேகம்னா, அந்தி நேரத்துல அவங்களை ஒருதரம் நடந்து காட்டச் சொல்லுங்க.

15/ விழுந்துட்டா: கால் குட்டையாகி வெளிப்பக்கமா திரும்பியிருந்தா நடக்க வைக்காதீங்க, எண்ணெய் தேய்க்காதீங்க, கட்டு போடத் தூக்கிட்டு ஓடாதீங்க. 108க்கு கூப்பிடுங்க. தலையில அடிபட்டவங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்களா இருந்தா, நல்லாப் பேசினாலும் அன்னைக்கே காட்டுங்க. சில வாரம் கழிச்சு தலைவலி, தடுமாற்றம், அதிக தூக்கம் வந்தாலும் உடனே வாங்க, உள்ளே மெதுவா ரத்தம் கசிஞ்சிருக்கலாம்.

16/ சிட்-அவுட் கட்டுங்க. ஊஞ்சலும் போடுங்க. கொட்டேஷன்ல கைப்பிடி என்கிற வரி முதல்ல இருக்கான்னு மட்டும் பாருங்க. இல்லைன்னா இந்த இழையை மேஸ்திரிக்கு அனுப்பிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.