இரட்டைப் பிள்ளை யார் வழி?



சென்ற ஆண்டு பத்து பாகாட்டில் என் அண்ணன் மகளுக்குப் பிரசவம் ஆயிற்று. ஒன்றல்ல, இரண்டு. முதலில் ஆண், பன்னிரண்டு நிமிடம் கழித்துப் பெண். தாயும் பிள்ளைகளும் நலமாக வீடு வந்து சேர்ந்தார்கள். முப்பதாம் நாள் தொட்டில் போட்டபோது வீடு கொள்ளாத கூட்டம். அங்கேதான் அந்தக் கேள்வி கிளம்பியது.

"இது எங்க வீட்டு ராசி. எங்க மாமனாரே இரட்டையில ஒருத்தர்தான்" என்றார் சம்பந்தியம்மா. "எங்க பக்கத்தில அப்படி யாருமே இல்லை" என்று அண்ணி ஒப்புக்கொண்டார். பந்தியில் இருந்த ஒரு பெரியம்மாவோ, "கல்யாண வீட்டில இந்தப் பொண்ணு ஒட்டுப் பழம் சாப்பிட்டதை என் கண்ணால பார்த்தேன்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் என் மனம் அந்தக் கேள்வியை விடவில்லை. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்திருக்கும். ஆகவே இந்த முறை இதைப் பற்றியே பேசுவோம்.

முதலில் வாழைப்பழத்தை ஓரமாக வைத்துவிடுவோம். ஒட்டுப் பழம் வாழை மரத்தின் சங்கதி. அதைத் தின்பதால் கருப்பையில் எந்த மாற்றமும் நடப்பதில்லை. ஆசைப்பட்ட பழத்தைக் கர்ப்பிணிப் பெண் தாராளமாகச் சாப்பிடலாம்.

இரட்டையில் இரண்டு வகை உண்டு. ஒரே கரு தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரிந்து, இரண்டு பிள்ளைகளாக வளர்வது ஒரு வகை. இவர்கள் இருவரும் ஆணாக இருப்பார்கள், அல்லது இருவரும் பெண்ணாக இருப்பார்கள். அச்சில் வார்த்தது போன்ற சாயல் இருக்கும். உலகில் எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும் ஆயிரம் பிரசவத்தில் ஏறக்குறைய நான்கு இப்படி அமைகின்றன. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. யார் வீட்டிலும் நடக்கலாம்.

மற்றொரு வகையில், மாதம் ஒன்று வரவேண்டிய கருமுட்டை இரண்டாக வந்துவிடுகிறது. இரண்டும் தனித்தனியே கருவாகின்றன. இவர்கள் ஒரே நேரத்தில் பிறந்த அண்ணன் தங்கையர், அவ்வளவுதான். ஆணும் பெண்ணுமாகப் பிறந்தால் இந்த வகை என்றே வைத்துக்கொள்ளலாம். குடும்பத்தில் தொடர்ந்து வருவது இந்த வகைதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். முட்டை இரண்டாக வருவது யார் உடம்பில்? தாயின் உடம்பில் அல்லவா? அப்படியானால், கணவன் வீட்டில் எத்தனை இரட்டையர் இருந்தாலும், அதனால் மருமகளுக்கு இரண்டு முட்டை வந்துவிடாது. சம்பந்தியம்மாவின் மாமனார் இரட்டையராகப் பிறந்தது அவரைப் பெற்றவளின் உடல்வாகு. அதற்கும் என் மருமகளின் பிரசவத்திற்கும் தொடர்பில்லை.

"அப்படியானால் ஆண் வழியில் வரவே வராதா?" என்று கேட்பீர்கள். வரும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். தாயிடமிருந்து அந்தத் தன்மையை ஆண் பிள்ளையும் வாங்கிக்கொள்கிறான். அவன் உடம்பில் அது வேலை செய்ய இடமில்லை, சும்மா இருக்கிறது. அவன் அதைத் தன் மகளுக்குக் கொடுக்கலாம். மகள் வயிற்றில் அது பலிக்கலாம். பாட்டிக்கு இரட்டை, மகனுக்கு இல்லை, பேத்திக்கு இரட்டை என்று அமையும்போதுதான், "ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும்" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அது சட்டமல்ல. இடையில் ஓர் ஆண் வந்ததால் ஏற்பட்ட தோற்றம்.

இதை விஞ்ஞானிகளும் தேடிப் பார்த்திருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தலைமையில், இயற்கையாக இந்த வகை இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற சுமார் 2,000 தாய்மார்களின் மரபணுக்களைச் சோதித்தார்கள். முட்டையை முதிரச் செய்யும் சுரப்புநீரோடும், சூலகம் அதற்கு இணங்குவதோடும் தொடர்புள்ள இரண்டு மரபணு மாற்றங்கள் அவர்களிடம் கூடுதலாகத் தென்பட்டன. பரம்பரை மட்டுமே காரணம் என்றும் எண்ணிவிடாதீர்கள். தாயின் வயது முப்பதைத் தாண்டினாலும், முன்பே பல பிள்ளைகள் பெற்றிருந்தாலும் வாய்ப்பு கூடும். பிள்ளை வேண்டிச் சாப்பிடும் மருந்துகளாலும், சோதனைக்குழாய் முறையாலும் பிறக்கும் இரட்டையர் குடும்ப வழியைக் காட்டமாட்டார்கள்.

கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் கொடிஞ்ஞி என்று ஓர் ஊர் உண்டு. சுமார் 2,000 குடும்பங்கள் வாழும் ஊர். 2008-ஆம் ஆண்டு வாக்கில் எண்ணத் தொடங்கியபோது அங்கே இரட்டையர் ஜோடிகள் 200-ஐத் தாண்டின. பள்ளிக்கூடத்தில் ஒரே முகம் இரண்டிரண்டாக உட்கார்ந்திருக்கும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் என்றார்கள், உணவு என்றார்கள். 2016-இல் விஞ்ஞானிகள் வந்து எச்சிலும் முடியும் எடுத்துப் போனார்கள். காரணம் இன்னும் முடிவாகவில்லை.

பிரேசில் நாட்டில் காண்டிடோ கொடோய் என்ற ஊரிலும் இப்படித்தான் இரட்டையர் மிகுதி. இட்லரின் நாஜி டாக்டர் ஒருவன் அங்கே ஒளிந்திருந்து பெண்களுக்கு மருந்து கொடுத்ததால் நேர்ந்தது என்று ஒரு வதந்தி உலகமெல்லாம் பரவியது. அதைப் பொய்யாக்கியது எது தெரியுமா? மாதாகோயில் ஞானஸ்நானப் பதிவேடு! ஆராய்ச்சியாளர்கள் ஆறாயிரத்துக்கும் அதிகமான பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அந்த டாக்டர் வந்ததாகச் சொல்லப்பட்ட காலத்தில் மட்டும் இரட்டையர் கூடவில்லை என்று 2011-இல் எழுதினார்கள். சில குடும்பங்கள் வந்து குடியேறி, தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்த ஊர் அது. எழுதி வைத்த ஏடு இருந்ததால் வதந்தி நிற்கவில்லை.

நம் வீட்டில் அப்படி ஏடு ஏது? இருந்தாலும் அதில் யார் பெயர் இருக்கிறது? தாத்தா பெயர் தெரியும். அவருடைய அப்பா பெயர் தெரியும். பிறப்புப் பத்திரத்தில் நம் பெயருக்குப் பின்னால் வருவதும் அப்பா பெயர்தான். பாட்டியைப் பெற்றவள் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். இரட்டைப் பிறப்போ பெண்கள் உடம்பின் கதை. ஆண்களின் பெயரை மட்டும் எழுதிய வம்ச வரலாற்றில் அதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அதனால் நான் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு என் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பால்மரம் வெட்டிய கை. இப்போது பத்து பாகாட்டில் தம்பி வீட்டில் இருக்கிறார்.

"அம்மா, உனக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றேன்.

"ஏன்டி, உனக்குத் தெரியாதா? ஆறு."

ஆறு பேர் பெயரையும் எழுதினேன். எழுதிவிட்டு, ஏனோ தெரியவில்லை, வேறு மாதிரி கேட்டேன். "எத்தனை தடவைம்மா பெத்தே? உயிரோட இருக்கிறது, இல்லாதது எல்லாம் சேர்த்துச் சொல்லு."

அம்மா விரலை மடக்கி எண்ணினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆறு தடவைதான். பிள்ளை ஏழு" என்றார்.

மலேசியா உருவான வருஷம், அதாவது 1963. லயத்து வீட்டில் பிரசவம். அண்ணன் பிறந்து சற்று நேரத்தில் இன்னொரு பிள்ளை. பெண். கையளவுதான் இருந்ததாம். இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலை அப்பா அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பால்மரக் காட்டோரம் போனார். அம்மா போகவில்லை, அண்ணன் பாலுக்கு அழுதுகொண்டிருந்தான். பெயர் வைக்கவில்லை. பத்திரம் எடுக்கவில்லை. அந்தக் காடு இன்று செம்பனை.

"ஏம்மா சொல்லவே இல்லை?"

"யாரும் கேட்கலையே" என்றார் அம்மா.

அறுபது வயதைத் தாண்டிய என் அண்ணனுக்கு, தான் இரட்டையில் ஒருவர் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் மகளுக்குத்தான் இப்போது இரட்டை. பாட்டி, மகன், பேத்தி. நான் மேலே சொன்ன அதே வழி. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லமுடியாது. ஆனால், "எங்க பக்கத்தில யாருமே இல்லை" என்று சொன்னோமே, அது தவறு. இருந்தது. நாம் கேட்கவில்லை.

சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள். "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால் உயிரோடு இருப்பவர்களைத்தான் சொல்வார்கள். "எத்தனை பிரசவம்? ஒவ்வொரு பிரசவத்திலும் எத்தனை?" என்று கேளுங்கள். ஆண்கள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, நிதானமாகக் கேளுங்கள். அழுதால் நிறுத்திவிட்டு, தேநீர் கலக்கிக் கொடுங்கள். அன்றைக்கு அதுவே போதும்.

எழுதும் முறை எளிது. பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். கணவன் மனைவியைக் கோடு போட்டுச் சேருங்கள். பிள்ளைகளைக் கீழே தொங்கவிடுங்கள். இரட்டையருக்கு ஒரே புள்ளியிலிருந்து இரண்டு கோடுகள் பிரியட்டும். ஒரே கருவில் வந்தவர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் அந்த இரண்டு கோடுகளுக்கும் குறுக்கே ஒரு சிறு கோடு போடுங்கள். இறந்த பிள்ளைக்கும் வட்டமோ சதுரமோ உண்டு. விட்டுவிடாதீர்கள்.

தேதி தெரியாதே என்று கலங்காதீர்கள். பாட்டிமாருக்கு வருஷம் தெரியாது, நடந்தது தெரியும். ஜப்பான்காரன் வந்து பாரிட் சூலோங் பாலத்தில் சண்டை நடந்தது 1942 ஜனவரி. அவசரகாலம் 1948 முதல் 1960 வரை. மே கலவரம் 1969. "அதற்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் வருஷம் கிட்டத்தட்ட வந்துவிடும். கப்பலில் வந்த பாட்டியென்றால் எந்த ஊர், கூட வந்த அக்கா தங்கை யார் என்றும் கேளுங்கள். அந்தத் தமக்கை வழியிலும் இரட்டை இருக்கலாம். இன்று இருப்பவர்களுக்கு அடையாளக் கார்டு துணை செய்யும். முதல் ஆறு எண்களும் பிறந்த தேதி. உறவில் இரண்டு பேருக்கு அந்த ஆறும் ஒன்றாக இருந்தால் விசாரியுங்கள். பழைய பிறப்புப் பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு உயரத்தில் வையுங்கள். 2006, 2007 வெள்ளத்திலும் 2023 வெள்ளத்திலும் நம் பத்து பாகாட் மக்கள் பட்ட பாடு மறக்கக்கூடியதா?

இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறீர்களா? பெருமை பேசுவதற்காக அல்ல. இந்த வகை இரட்டையைப் பெற்றவளின் மகளுக்கும் தங்கைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரட்டைக் கர்ப்பம் சாதாரணக் கர்ப்பம் அல்ல. பாதிக்கும் மேற்பட்ட இரட்டையர் மாதம் நிறைவதற்கு முன்பே பிறக்கிறார்கள். தாய்க்கு இரத்தச் சோகை, இரத்தக் கொதிப்பு, பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு ஆகியவை வரும் அபாயம் கூடுதல். நாள் தள்ளியதுமே கிளினிக்கில் பதிந்து, "எங்கள் பாட்டிக்கு இரட்டை" என்று மிஸ்ஸியிடம் சொல்லிவிடுங்கள். மூன்று மாதத்திற்குள் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஒரு நஞ்சா, இரண்டா என்பதும் தெரியும். ஒரே நஞ்சானால் டாக்டர்கள் இன்னும் நெருக்கமாகக் கவனிப்பார்கள்.

இராமசாமி, இலட்சுமணசாமி என்று இரட்டையர் இருவர், 1887-ஆம் ஆண்டு கர்நூலில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார்கள். ஆற்காடு முதலியார் சகோதரர்கள் என்று உலகம் போற்றியது. மூத்தவர் மைசூர் திவானாக இருந்தார். இலட்சுமணசாமியோ பிரசவ மருத்துவர். அவர் எழுதிய பிரசவ மருத்துவ நூல் 1938-இல் வெளிவந்து, பல தலைமுறை டாக்டர்களுக்குப் பாடமாயிற்று. இரட்டையாகப் பிறந்து பிழைத்த ஒருவர், பிற தாய்மார் பிழைக்க வழி எழுதி வைத்தார். நம்மால் நூல் எழுத முடியாவிட்டாலும் நோட்டில் ஒரு பக்கம் எழுத முடியும் அல்லவா?

என் நோட்டில் அண்ணனின் சதுரத்திற்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். "பெயர் என்ன எழுதட்டும்?" என்று அம்மாவிடம் கேட்டேன். நாளெல்லாம் யோசித்து, சாயங்காலம் ஒரு பெயர் சொன்னார். அதை எழுதிவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மூத்தவளிடம் போய் உட்காருங்கள். மறுபடியும் அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.