121 தோல்விகள்: மேனேஜர் மாறினார், ஜி.எம் மாறினார்... மாறாத ஒருவரைப் பற்றிப் பேசலாமா?

ஒரு சீசனில் 162 ஆட்டங்கள். அதில் 121 தோல்வி, வெறும் 41 வெற்றி. 2024-ல் சிகாகோ வொயிட் சாக்ஸ் அணியின் ரிப்போர்ட் கார்டு இது. 1901-க்குப் பிறகான மேஜர் லீக் பேஸ்பால் வரலாற்றில் ஒரே சீசனில் இத்தனை ஆட்டங்களில் வேறு எந்த அணியும் தோற்றதில்லை.

இதற்கு முன் இந்த 'சாதனை' 120 தோல்விகளோடு நியூயார்க் மெட்ஸ் அணியிடம் இருந்தது. ஆனால், அது 1962. மெட்ஸ் அணிக்கு அதுதான் முதல் சீசன், புது டீம் என்று சொல்லித் தப்பிக்கலாம். வொயிட் சாக்ஸ் நூற்றாண்டைக் கடந்த அணி. 2005-ல் உலக சாம்பியன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த எண்ணின் கனம் சட்டென்று புரியாது. பேஸ்பாலில் எவ்வளவு நல்ல அணியும் மூன்றில் ஒரு ஆட்டத்தைத் தோற்கும், எவ்வளவு மோசமான அணியும் மூன்றில் ஒன்றை ஜெயிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். வொயிட் சாக்ஸ் ஜெயித்தது நான்கில் ஒன்று. நடுவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தொடர்ச்சியாக 21 தோல்வி வேறு. முகத்தில் பேப்பர் பையை மாட்டிக்கொண்டு ரசிகர்கள் ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். 'டீமை வித்துடு' என்று உரிமையாளரை நோக்கிக் கோஷம் போட்டார்கள்.

யார் மேல் தப்பு? மேனேஜர் என்றது ஒரு குரூப். 'டேட்டாவை நம்பிக் கெட்டாங்க' என்றது இன்னொரு குரூப். 'டேட்டாவையே ஒழுங்கா யூஸ் பண்ணலை' என்றது மூன்றாவது குரூப். என் பார்வையில், பேப்பர் பை மாட்டிக்கொண்டு கோஷம் போட்டவர்கள்தான் சரியான ஆளைக் கைகாட்டினார்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மேனேஜரை மாத்தினால் போதுமா?

பேஸ்பாலில் 'மேனேஜர்' என்றால் நம்ம ஊர்க் கணக்கில் ஹெட் கோச். அணியைக் கட்டமைப்பவர், அதாவது வீரர்களை வாங்கி விற்பவர், ஜெனரல் மேனேஜர். சுருக்கமாக ஜி.எம்.

2024 ஆகஸ்ட்டில் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோல் நீக்கப்பட்டார். அப்போது அந்த சீசனில் அணியின் கணக்கு 28 வெற்றி, 89 தோல்வி. இடைக்கால மேனேஜராக வந்த கிரேடி சைஸ்மோர் மீதி சீசனில் 13 ஜெயித்து 32 தோற்றார். நூற்றுக்கு 24 வெற்றி என்ற விகிதம் 29 ஆனது. அவ்ளோதான் வித்தியாசம். டிரைவரை மாத்தினாலும் வண்டி அதே வண்டிதானே?

'அதிர்ஷ்டம் இல்லை' என்ற சாக்கு எடுபடுமா?

நெருக்கமான ஆட்டங்களில் கோட்டை விட்டார்கள், கொஞ்சம் லக் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றும் ஒரு வாதம் இருக்கிறது. இதைச் சரிபார்க்க பில் ஜேம்ஸ் என்ற பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் உருவாக்கிய எளிமையான சூத்திரம் ஒன்று உண்டு. எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்களின் வர்க்கமும் விட்டுக்கொடுத்த ரன்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், ஓர் அணி ஜெயித்திருக்க வேண்டிய விகிதம் கிடைக்கும்.

வொயிட் சாக்ஸ் எடுத்தது 507 ரன். கொடுத்தது 813. மொபைல் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், சுமார் 0.28 வரும். 162 ஆட்டத்தில் 45 வெற்றி. ஆக, துரதிர்ஷ்டம் பறித்தது நான்கைந்து ஆட்டங்களைத்தான். வரலாற்று ரெக்கார்டில் இருந்து தப்பித்திருக்கலாம், மோசமான டீம் என்ற பெயரில் இருந்து தப்பித்திருக்க முடியாது.

அப்போ அனலிட்டிக்ஸ் மேல் தப்பா?

'மணிபால்' படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். கையில் காசில்லாத ஓக்லண்ட் அணி, மற்றவர்கள் கண்டுகொள்ளாத எண்களைப் பார்த்து வீரர்களை எடுத்தது. 2002-ல் தொடர்ச்சியாக 20 ஆட்டங்களை ஜெயித்தது. அதன் பிறகு எல்லா அணிகளும் டேட்டா ஆட்களை வேலைக்கு எடுத்தன. இன்று ஒவ்வொரு பந்தின் வேகம், சுழற்சி, மட்டையில் இருந்து கிளம்பும் கோணம் எல்லாமே கேமராவில் பதிவாகிறது. இதெல்லாம் 30 அணிகளுக்குமே கிடைக்கும் தகவல். அதை வைத்து யார், என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அந்த மோசமான சீசனில்கூட வொயிட் சாக்ஸில் இந்த வேலை ஒழுங்காக நடந்த ஓர் இடம் உண்டு. பந்துவீச்சுத் தொழில்நுட்பத்தில் பெயர் பெற்ற பிரையன் பானிஸ்டரை 2023 இறுதியில் ஆலோசகராகக் கொண்டு வந்தார்கள். அமெரிக்காவில் சோபிக்காமல் தென்கொரியாவுக்குப் போய், அங்கே எம்.வி.பி விருது வாங்கிய எரிக் ஃபெட்டேவை 2 வருடத்துக்கு 1.5 கோடி டாலருக்கு எடுத்தார்கள். நல்ல டீல், அவரும் நன்றாகவே வீசினார். அதுவரை ஓரிரு இன்னிங்ஸ் மட்டும் வீசிவந்த கேரட் குரோஷே, ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளராக மாறினார். 146 இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக் அவுட், ஆல் ஸ்டார் அணியிலும் இடம்.

பிறகு என்ன ஆனது? ஃபெட்டே ஜூலையிலேயே செயின்ட் லூயிஸுக்கு டிரேட் ஆனார். குரோஷே டிசம்பரில் பாஸ்டனுக்கு. பதிலுக்கு இளம் வீரர்கள் வந்தார்கள். தோற்கும் அணி இப்படிச் செய்வதில் லாஜிக் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், ஒரு ரசிகரின் இடத்தில் இருந்து பாருங்கள். டேட்டா வேலை செய்த இடத்தில் உருவான வீரர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியது 121 தோல்விதான்.

எண்களை யார் ஓரங்கட்டியது?

கொஞ்சம் பின்னால் போகலாம். 2016 டிசம்பரில் வொயிட் சாக்ஸ் தன் நட்சத்திரப் பந்துவீச்சாளர் கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு, இளம் வீரர்களை வாங்கியது. 'ரீபில்ட்' என்றார்கள். சில வருஷம் தோற்போம், பிறகு பல வருஷம் ஜெயிப்போம் என்பது ஒப்பந்தம். ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 2018-ல் 100 தோல்வியைச் சகித்தார்கள். பலனும் வந்தது. 2020, 2021 என அடுத்தடுத்து இரண்டு சீசன் பிளே-ஆஃப். அணியின் வரலாற்றிலேயே அப்படி நடந்தது அதுதான் முதல் முறை.

ஆனால், நடுவில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. 2020 அக்டோபரில் டோனி லா ருஸ்ஸாவை மேனேஜராக அறிவித்தார்கள். வயது 76. மூன்று உலக சாம்பியன் பட்டங்களை வென்ற ஜாம்பவான், சந்தேகமே இல்லை. ஆனால், அவர் கடைசியாக மேனேஜராக இருந்தது 2011-ல். இந்த 9 வருஷத்தில்தான் ஆட்டமே தலைகீழாக மாறியிருந்தது. பிறகு ஏன் அவர்? அணியின் உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப், 1986-ல் இதே லா ருஸ்ஸாவை நீக்க அனுமதித்ததைத் தன் பெரிய வருத்தமாகப் பல வருஷம் சொல்லி வந்தவர். ஒரு பழைய மனக்குறையைத் தீர்த்துக்கொள்ளும் இடமாக மேனேஜர் நாற்காலி ஆகிவிட்டது.

முதல் வருஷம் 93 வெற்றி. ஆனால், 2022 ஜூனில் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராக நடந்த ஒரு சம்பவம் இன்றும் பேசப்படுகிறது. எதிரணி பேட்டர் ட்ரே டர்னருக்கு ஏற்கெனவே 2 ஸ்ட்ரைக். இன்னும் ஒன்று விழுந்தால் அவுட். அந்த நேரத்தில் அவரை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டு அடுத்த பேட்டருக்குப் பந்து வீசச் சொன்னார் லா ருஸ்ஸா. 2 ஸ்ட்ரைக் விழுந்த பேட்டர் எவ்வளவு பலவீனமான நிலையில் இருக்கிறார் என்பது அடிப்படைப் புள்ளிவிவரம். அடுத்து வந்த மேக்ஸ் மன்ஸி அடித்தது 3 ரன் ஹோம் ரன். அந்த சீசன் 81 வெற்றி, 81 தோல்வியில் முடிந்தது. லா ருஸ்ஸா உடல்நிலை காரணமாகப் பாதியிலேயே விலகியிருந்தார்.

2023-ல் 101 தோல்வி. அந்த ஆகஸ்ட் 22-ல் ஜி.எம் ரிக் ஹானும், நீண்டகால நிர்வாகி கென் வில்லியம்ஸும் நீக்கப்பட்டார்கள். சரி, வெளியில் இருந்து புதுச் சிந்தனையோடு யாரையாவது கொண்டு வருவார்கள் என்று பார்த்தால், 9 நாளில் உள்ளே இருந்த கிறிஸ் கெட்ஸுக்கே பதவி உயர்வு. அவர் பார்த்து வந்த வேலை, இளம் வீரர்களை உருவாக்கும் பிரிவின் தலைமை. அதாவது, அணி எந்த விஷயத்தில் சறுக்கியதோ அதே துறை.

காசுதான் பிரச்னையா?

இதற்குப் பதில் தேட தூரமாகப் போக வேண்டாம். வொயிட் சாக்ஸ் விளையாடும் அதே டிவிஷனில் பார்த்தால் போதும்.

2023-ல் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் 106 ஆட்டங்களில் தோற்றது. வொயிட் சாக்ஸைவிட மோசம். சிகாகோவோடு ஒப்பிட்டால் சின்ன ஊர். ஆனால், தன் இளம் நட்சத்திரம் பாபி விட் ஜூனியருடன் 11 வருடத்துக்கு 28 கோடி டாலருக்கும் மேல் ஒப்பந்தம் போட்டது, அனுபவமுள்ள பந்துவீச்சாளர்களையும் எடுத்தது. அடுத்த வருஷமே 86 வெற்றி, பிளே-ஆஃப். செலவில் சிக்கனத்துக்குப் பெயர்போன கிளீவ்லாண்ட் 92 வெற்றியோடு டிவிஷனில் முதலிடம். ஒன்று செலவு செய்து முன்னேறலாம், அல்லது மூளையை வைத்து முன்னேறலாம் என்பதற்கு இந்த இரண்டு அணிகளே உதாரணம்.

வொயிட் சாக்ஸ் தன் வரலாற்றில் ஒரு வீரருக்குக் கொடுத்த மிகப்பெரிய ஒப்பந்தம் 7.5 கோடி டாலர், ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்கு. அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்தில் இருக்கும் அணி இது.

தோற்றால் உரிமையாளருக்கு என்ன நஷ்டம்?

இந்தக் கதையின் முக்கியமான இடமே இதுதான். இங்கிலாந்து கால்பந்தில் கடைசி இடங்களுக்குப் போனால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள், வருமானம் அடிபடும். அமெரிக்க லீக்குகளில் அந்தப் பயமே கிடையாது. நம்ம ஐ.பி.எல்-லும் அதே மாடல்தான். 2025-ல் சி.எஸ்.கே பத்தாவது இடத்தில் முடித்தும் அடுத்த சீசன் இடத்துக்கு ஆபத்தே இல்லையே. எம்.எல்.பி-யில் தேசிய டி.வி. உரிமப் பணத்தில் பங்கு, ஜெயித்தாலும் தோற்றாலும் வந்துவிடும்.

ரைன்ஸ்டார்ஃப் தலைமையிலான குழு 1981-ல் இந்த அணியை வாங்கியது சுமார் 2 கோடி டாலருக்கு. 2024-ல் ஃபோர்ப்ஸ் போட்ட மதிப்பு சுமார் 200 கோடி டாலர். 121 தோல்வி வந்த அதே வருஷத்தில்தான் புது ஸ்டேடியத்துக்காகச் சுமார் 100 கோடி டாலர் பொதுப்பணம் கேட்டு மாநில அரசியல்வாதிகளை அவர் சந்தித்தார். இப்போது விளையாடும் ஸ்டேடியமும் பொதுப்பணத்தில் கட்டியதுதான். ஃபுளோரிடாவுக்குப் போய்விடுவோம் என்று 1988-ல் அணி மிரட்டியதும் இலினாய் சட்டமன்றம் நள்ளிரவு வரை உட்கார்ந்து ஒப்புதல் கொடுத்தது.

அதனால்தான் 'டீமை வித்துடு' என்பதை வெறும் ரசிகர் கோபம் என்று ஒதுக்க முடியவில்லை. டிக்கெட் வாங்காத சிகாகோவாசியும் இதில் ஒரு பங்குதாரர்தான்.

லீக் தரப்பில் ஒரு கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள். வேண்டுமென்றே தோற்று இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் முதல் இடத்தைப் பிடிப்பதைத் தடுக்க லாட்டரி முறை. வருமானம் அதிகமுள்ள அணிகளுக்கு அடுத்தடுத்த வருஷம் லாட்டரியில் இடம் கிடையாது. விளைவு, 121 ஆட்டங்களில் தோற்ற வொயிட் சாக்ஸ் 2025 டிராஃப்டில் பத்தாவதாகத்தான் தேர்வு செய்ய முடிந்தது. நல்ல விதிதான். ஆனால், தண்டனை யாருக்கு? நல்ல இளம் வீரர் வருவார் என்று காத்திருந்த ரசிகருக்கு.

மறுபக்கமும் இருக்கிறது

நியாயமாகப் பேச வேண்டும். 88 வருஷக் காத்திருப்பை முடித்த 2005 கோப்பையும் இதே ரைன்ஸ்டார்ஃப் காலத்தில் வந்ததுதான். தன்னோடு இருப்பவர்களை லேசில் கைவிடாதவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. புது மேனேஜர் வில் வெனபிளின் தலைமையில் 2025-ல் 60 வெற்றி, 102 தோல்வி. முன்னேற்றம்தான், ஆனாலும் தொடர்ந்து மூன்றாவது வருஷம் 100-க்கு மேல் தோல்வி. போப் 14-ம் லியோ இந்த அணியின் ரசிகர் என்று தெரிந்தபோது, 'இனி கடவுள்தான் காப்பாத்தணும்' ஜோக்குகளுக்குப் பஞ்சமே இல்லை.

2025 ஜூனில் ஒரு செய்தி வந்தது. தொழிலதிபர் ஜஸ்டின் இஷ்பியாவிடம் அணியை ஒப்படைக்கும் ஒப்பந்தம். 2029 முதல் 2033 வரை, விற்பதா வேண்டாமா என்பது ரைன்ஸ்டார்ஃபின் விருப்பம். 2034 சீசனுக்குப் பிறகுதான் வாங்கும் உரிமை இஷ்பியாவுக்கு வரும். ரசிகர்கள் கேட்ட மாற்றத்துக்கு 2034 வரைகூட ஆகலாம்.

'மேனேஜரா, டேட்டாவா?' என்ற சண்டை இந்த அணி விஷயத்தில் திசைதிருப்பல் என்பதுதான் என் கருத்து. மேனேஜர், ஜி.எம், வீரர்கள் என எல்லோருக்கும் ஒவ்வொரு சீசனும் பரீட்சை உண்டு. ஃபெயிலானால் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களை நியமித்தவருக்கு மட்டும் பரீட்சையே இல்லை. பொதுப்பணத்தில் ஸ்டேடியம் கேட்பவரிடம், அணிக்கு எவ்வளவு செலவு செய்வீர்கள், முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்று எழுத்தில் கேட்க அரசுக்கு உரிமை இருக்கிறது. இப்போதைய ஸ்டேடியத்தின் குத்தகை 2029-ல் முடிகிறது. கேட்க வேண்டிய நேரம் அதற்கு முன்புதான்.