கொல்லைத் தோட்டமும் கண்ணேறும்

ஆடிப் பட்டத்தில் விதைத்த வீட்டுத் தோட்டங்களுக்குத் தை மாதம் கணக்குப் பார்க்கும் காலம். மதுரையை அடுத்து வைகைக் கரையிலுள்ள கோச்சடையில், வயல்கள் பெரும்பாலும் வீடுகளாகிவிட்ட இந்நாளிலும், மிச்சமுள்ள கொல்லைப்புறங்களில் கத்தரியும் வெண்டையும் ஓய்ந்து, அவரைக்கொடி மாத்திரம் காய்த்துக் கொண்டிருக்கிறது. விளைந்தது எவ்வளவு என்று கேட்டால் நேரான பதில் வருகிறது. விளையாமல் போனதற்குக் காரணம் கேட்டால்தான் நம் மக்களின் புத்தி எங்கே அடகு வைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்குகிறது.

"பூசணிக்குக் கண்ணேறு பட்டது", "பிஞ்சை விரல் நீட்டிக் காட்டியதால் அழுகிற்று", "வீட்டுக்கு விலக்கானவள் தொட்டதால் மிளகாய்ச் செடி சுருண்டது" என்பவையே பதில்கள்.

கண்ணேறு உண்மையானால், பரவைச் சந்தைக்கு வண்டி வண்டியாக வரும் காய்கள் எப்படி வந்தன என்று கேட்கின்றோம். சாலையோரத் தோட்டத்தில் போவோர் வருவோர் கண்ணிலெல்லாம் பட்டுத்தானே அவை விளைந்தன? ஆயிரம் பேர் பார்த்தும் அழுகாத காய், பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பார்த்ததால் அழுகுமா?

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. காலையில் மலரும் பெண் பூவுக்கு வண்டோ தேனீயோ ஆண் பூவின் மகரந்தத்தைக் கொண்டு வராவிட்டால், அதனடியிலுள்ள பிஞ்சு வெம்பி உதிரும். அல்லது பழ ஈ பிஞ்சைத் துளைத்து முட்டையிட, உள்ளே புழு வைத்து அழுகும். விரலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுவதும், பிஞ்சைக் காகிதத்தால் மூடுவதும், உதிர்ந்த சொத்தைக் காயைப் பொறுக்கி ஆழப் புதைப்பதுமே பரிகாரம். மிளகாய் இலை சுருளுவதற்குப் பெரும்பாலும் இலைப்பேனும் சிலந்திப் பேனுமே காரணம். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பதை விட்டுப் பெண்ணை விலக்கி வைத்தால் பேன் போய்விடுமா?

இம்மூடத்தனம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமன்று. 1920-ல் வியன்னாவில் பேலா ஷிக் என்னும் வைத்தியர், மாதவிடாய்ப் பெண் தொட்டால் பூ வாடும் என்றும், அவள் உடலில் அதற்கொரு விஷமுண்டு என்றும் எழுதினார். மேல்நாட்டார் அதைப் பரீட்சித்துப் பார்த்தனர். விஷம் ருசுவாகவில்லை, கைவிட்டனர். நாமோ பரீட்சிப்பதே பாவம் என்கிறோம்! அன்றியும், மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் கப்பலில் வந்த சரக்கு. 1498-க்கு முன் இங்கே கண்டிராத செடிக்குத் தீட்டு விதித்த ரிஷி யார்?

இதில் நஷ்டம் யாருக்கு? விதை ஊன்றியவளும், தண்ணீர் சுமந்தவளும், களை பறித்தவளும் பெண். அவள் வளர்த்த செடிக்கு அவளே மாதம் 3 நாள் சத்துருவாம்! காய் நன்றாக வந்தால் சாமி புண்ணியம். கெட்டால் அவள் தொட்ட பாவம். இதைவிட அநியாயமான கணக்கு வட்டிக்கடையிலும் கிடையாது.

ஒருவர் நாளொன்றுக்குக் காயும் கனியுமாக 400 கிராமாவது உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஏழை வீட்டுக்கு அதில் ஒரு பங்கையாவது கொல்லைப்புறம் கொடுக்கும். அப்படியிருக்க, கறிக்கான பூசணியைத் திருஷ்டிக்கென்று நடுத்தெருவில் உடைப்பது வயிற்றில் அடித்துக் கொள்வதேயாகும்.

ஆகவே தோழர்களே, முற்றிய காயில் விதை எடுத்துக் காயவைக்கும் இந்நாளில், எந்தச் செடி எதனால் கெட்டது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். வரும் ஆடியில் திருஷ்டிப் பொம்மைக்குச் செலவிடுவதை வேப்பங்கொட்டைக்குச் செலவிடுங்கள். விலக்கென்று யாரையும் ஒதுக்காமல், எல்லா நாளும் தோட்டத்தில் விட்டுப் பாருங்கள். தை மாதத்தில் காயே சாட்சி சொல்லும்.